திங்கட்கிழமைத் தலைவலி

சரண்,

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகைக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, போட்ட சாப்பாட்டைத் தொடாமல் நீ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன நேரத்திலிருந்து இதை எனக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். நெமிலிச்சேரியிலிருந்து மண்ணூர்பேட்டையில் நீ இருக்கும் அறைக்கு என்ன பெரிய தூரம். இந்த வருடத்தில் இரண்டு தடவை அதற்காகவே கிளம்பி வந்தேன். முதல் தடவை நீ டீ போட்டுக் கொடுத்தாய், டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை உன் துணிகளை மடித்து வைத்துவிட்டு வந்தேன். உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டுக் கொடுக்கலாம் என்றும் யோசித்தேன். அப்படிச் செய்தால் அது மறுபடியும் நம் இருவருக்குள்ளேயே அமுங்கிவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால் நாலு பேர் பார்க்கத்தான் நீ தலை குனிந்து நின்றாய். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். உன் அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், அவளுக்குப் பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாது. பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டே, "வெள்ளிக்கெயம பூவாடைக்காரிய அயைக்கணும். பவி தான் இப்ப நம்ம ஊட்டுப் பூவாடைக்காரி. கொடம் நீதான் தூக்கணும்டா, கூடப் பொறந்தவன்" என்றாள். நீ செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்குப் போய்விட்டு, திரும்பி வந்து, "அக்காவ சாமியாக்கி மூலைல உக்கார வைக்கப் போறீங்களா? பூவாடை கீவாடைன்னு எதனா வெச்சீங்கன்னா நான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சிக்கறேன்" என்றாய். அவள் விடவில்லை. "போடா டேய். உங்கப்பன் இன்னா, ஆகாசத்துலர்ந்தா வந்து தாலி கட்னான்? அவனும் கொடம் தூக்கினுதான் கட்னான்." அப்போதுதான் நீ தட்டைத் தள்ளிவிட்டுப் போனாய். உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, அதுதான் காரணம் என்று நான் நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பி.எஸ்சி. படித்த அம்மாவின் பிள்ளை என்று.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், எனக்கே இந்த வழக்கம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். உன் அப்பாவின் குடும்பம் பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் வீட்டில் கல்யாணம் என்றால், பூவும் மஞ்சளுமாகப் போய்ச் சேர்ந்த சுமங்கலிகளையும், கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்களையும் பூவாடைக்காரி என்று முதலில் நீர்நிலைக்குப் போய் அழைக்க வேண்டும். பம்பையும் உடுக்கையும் அடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வீட்டில் யார்மேலாவது அவள் வந்து இறங்கி ஒரு வார்த்தை பேசினால்தான் வந்துவிட்டாள் என்று அர்த்தம். பிறகு குடத்தில் தண்ணீர் மொண்டு, வேப்பிலையும் பூவும் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுச்சேலை சாத்தி, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். அவள் சிரித்தபடி சம்மதம் சொன்ன பிறகுதான் பந்தக்கால்.

சேலை வாங்க நான்தான் பூந்தமல்லிக்குப் போனேன். அத்தை வந்திருப்பாள், நான்தான் வேண்டாம் என்றேன். பவிக்குப் பிடித்தது கறுப்பு. "கறுப்பு ஆவாது" என்று அத்தை முதலிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். கடையில் இருந்த பையன் பத்துப் பன்னிரண்டு சேலைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, "யாருக்கும்மா, உங்களுக்கா?" என்றான். மகளுக்கு என்றேன். "வயசு?" இருபத்தைந்து என்றேன். அவள் போனபோது அதுதான் வயது. நீ அவளைவிட இரண்டு வயது சின்னவன், இப்போது உனக்கு இருபத்தாறு. நீ உன் அக்காவைவிடப் பெரியவனாகிவிட்டாய் என்பது அந்தக் கடையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. "கலரா, மாநிறமா?" மாநிறம் என்றேன். "அவங்கள ஒருவாட்டி இட்டுனு வந்தீங்கன்னா தோள்ல வெச்சிப் பாத்துடலாமே." வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாக அந்தப் பொய் வந்தது தெரியுமா. மாம்பழ மஞ்சளில் மெல்லிய கறுப்புக் கரை போட்ட ஒன்றை எடுத்தேன். அத்தை கரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

புதன்கிழமை தீபா போன் செய்தாள். உனக்கு மனைவியாக வரப்போகிறவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பெண்ணுக்குத் தைரியம் இருக்கிறது. "அத்தை, அவரு உங்ககிட்ட சொல்லவே மாட்டாரு, நான் சொன்னேன்னும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தாள். இப்போது நான் ஊருக்கே சொல்கிறேன், அவளிடம் மன்னிப்பு கேட்டுவிட்டேன். "நம்பிக்கை இல்லாம இல்ல அத்தை. பயம். அக்கா யார் மேலயாச்சும் வந்து 'ஏன்டா என்ன ரயில் ஏத்தி உட்ட'ன்னு கேட்டா நான் இன்னா சொல்றதுங்கறாரு. சின்ன வயசுல அவங்க ஏதோ சொல்லி இருக்காங்களாம்." என்ன சொன்னாள் என்றேன். தீபா சொன்னாள். எனக்கு அந்த நாள் அப்படியே வந்தது.

உன் அத்தை மகன் கல்யாணத்துக்கு இதே போல அழைத்தார்கள். உனக்குப் பன்னிரண்டு, பவிக்குப் பதினாலு. ஏரித் தண்ணீர் நாறுகிறது என்று தெருமுனை அடிபம்பிலேயே வைத்துக்கொண்டார்கள். பம்பை அடிக்க அடிக்க அத்தைமேல், சின்ன வயதில் இறந்துபோன அவள் தங்கை ஒருத்தி வந்து, "என்னத் தனியா உட்டுட்டு எல்லாம் திருநாளுக்குப் போனீங்களே" என்று கேட்டு அழுதாள். ஐம்பது வயதுப் பெண்மணி, குழந்தைக் குரலில். நீ பவியின் துப்பட்டாவுக்குள் நுழைந்துகொண்டாய். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் காதில் ஏதோ சொன்னாள், நீ அவளை அடித்தாய். "நான் செத்தா மொதல்ல உன்னத்தான்டா வந்து புடிப்பேன் மாமே" என்பதுதான் அது என்று பதினாலு வருடம் கழித்து எனக்குத் தெரிகிறது. அவள் உனக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அதே குரலில்தான். "பிரேக்க புடிடா, என் உயிரு உன் கைல கீது, மவனே." அந்த வாய்க்கு எதுவும் விளையாட்டுதான். விளையாட்டுக்குச் சொன்னதை வைத்துக்கொண்டு நீ மூன்று வருடமாக ஸ்டேஷன் பக்கமே போகாமல், மழையிலும் வண்டியிலேயே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாய். ரூம் எடுத்ததுகூட ஆபீஸுக்குக் கிட்ட என்பதற்காக இல்லை, ரயில் சத்தம் கேட்காது என்பதற்காக. இதுவும் தீபா சொன்னதுதான்.

அவள் கடைசியாகச் சொன்னது இன்னொன்று. அதைக் கேட்ட பிறகுதான் பேனா எடுத்தேன். "வண்டில அஞ்சு நிமிஷம் என் முதுகுல சாஞ்சிகினே வந்தா. ஒரு வார்த்த சொல்லி இருந்தா அங்கியே திருப்பி இருப்பேன். எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாயாம்.

எனக்குத் தெரியும் ஏன் சொல்லவில்லை என்று. நான் சொல்கிறேன்.

அன்று திங்கட்கிழமை. நீ எழுந்திருக்கவில்லை, அப்பா முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பவி வந்து பின்னால் நின்றாள். "அம்மா, தலை வலிக்குதும்மா" என்றாள். நான் திரும்பவில்லை. நான் இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திங்கட்கிழமை முதல் பீரியடில் தலைவலி, வயிற்றுவலி என்று வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தே எது வலி, எது வீட்டுப்பாடம் என்று சொல்லிவிடுவேன் என்று ஸ்டாஃப் ரூமில் எனக்கு ஒரு பேர் உண்டு, அந்தப் பேரில் எனக்குக் கர்வமும் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய் உட்கார் என்பேன். பெரும்பாலும் சரியாகிவிடும். பவிக்கு அந்த மாதம் ஆபீஸில் புது லீடரோடு தகராறு. முந்தைய வாரம்தான் காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒரு நாள் லீவு போட்டிருந்தாள், அதை என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் கணக்கைப் போட்டுவிட்டேன். "திங்கட்கிழமைத் தலைவலியா?" என்றேன்.

"இல்லம்மா, இங்க பாரு" என்று என் கையை இழுத்துத் தன் பிடரியில் வைத்துக்கொண்டாள். "பாத்ரூம்ல நிக்கும்போது டப்புனு இங்க இடி விழுந்த மாதிரி இருந்துச்சும்மா. இந்த மாதிரி வந்ததே இல்ல." என் கையில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டுத் தைலம் எடுத்துத் தேய்த்தேன். ஒரு மாத்திரை கொடுத்தேன். இன்னும் இரண்டு நாள் லீவு எடுத்தால் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள் என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அம்மிக்கல் மேடையில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு, "தம்பிய வேணா என் கூட ஆபீஸ் வரைக்கும் வரச் சொல்லட்டுமா" என்று கேட்டாள். அப்போது நான் சொன்னதை எழுதுகிறேன். "அவன்கிட்டப் போய் சீன் போடாத. அவனுக்கு இன்னைக்கு இன்டர்வியூ. ஒண்ணும் சொல்லாம ஸ்டேஷன்ல இறங்கிப் போ."

அவள் என் பேச்சைக் கேட்கிற பெண் இல்லை என்று நான் ஊரெல்லாம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்று கேட்டாள்.

நீ பல் தேய்த்துக்கொண்டே, "இன்னாச்சு இவளுக்கு, மூஞ்சி ஒரு மாரி கீது?" என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "தூக்கம் பத்தல" என்று உள்ளேயிருந்து நான்தான் பதில் சொன்னேன். அவள் வாயைத் திறக்கும் முன் சொன்னேன். நீ அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டாய். அது தவிர உனக்கு அன்று வேறு எதுவும் தெரியாது. நீ வண்டியைத் திருப்புவதற்கு உன்னிடம் ஒன்றுமே இல்லை, கண்ணா.

ரயில் திருமுல்லைவாயில் தாண்டியதும் அவள் இருக்கையிலிருந்து சரிந்திருக்கிறாள். லேடீஸ் பெட்டியில் கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா மடியில் போட்டுக்கொண்டு, அம்பத்தூரில் நாலு பெண்களாகத் தூக்கி இறக்கி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த அம்மாவை நான் பிறகு தேடினேன், கிடைக்கவில்லை. நாம் போய்ச் சேர்ந்தபோது குழாய்களெல்லாம் மாட்டியிருந்தார்கள். அந்த டாக்டர், சின்ன வயசு, பவியைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும், வெளியே வந்து ஒரு கேள்வி கேட்டார். "காலைல தலைவலின்னு எதாவது சொன்னாங்களா?"

அந்தக் கேள்வி என்னுடையது. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீதானே கடைசியாகக் கூட இருந்தவன். நீ, "சொல்லல டாக்டர்" என்றாய். உன் அப்பா, யூனிபார்மோடு ஓடி வந்தவர், உன் சட்டையைப் பிடித்தார். "மூஞ்சியப் பாத்தா தெரியல உனக்கு? கண்ணு எங்க வெச்சிகினு வண்டி ஓட்ன? ரயில் ஏத்தி உட்டுட்டு வந்துக்கிறியேடா." சித்தப்பாக்கள், அத்தை, உன் சிநேகிதர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலப்பா, தெரியலப்பா" என்றாய். நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். என் விரலில் தைல வாசனை போகவில்லை. கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டேன். சரண், நான் அதிர்ச்சியில் பேச முடியாமல் நின்றேன் என்று எனக்கு நானே எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பேச முடிந்தது. பேசவில்லை. சாயங்காலம் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு சொல்வதற்கு ஒரு நாளும் சரியான நாளாக இல்லை. காரியம் முடியட்டும், வருஷம் திரும்பட்டும், உனக்கு வேலை கிடைக்கட்டும் என்று தள்ளித் தள்ளி, நீ வீட்டை விட்டுப் போகும் வரைக்கும் தள்ளிவிட்டேன்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா டாக்டர். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் அவரிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். "உடனே கொண்டுவந்தா சிலர் பொழைக்கறாங்க" என்றார். பிறகு அவருடைய பெண்ணின் அல்ஜீப்ராவைப் பற்றிப் பேசினோம். அந்தச் 'சிலர்' என்ற சொல்லுக்குள்தான் நான் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். அங்கிருந்து வெளியே வர வழி தெரியவில்லை. கடவுளிடம் கேட்கவும் பழகவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இப்போது வகுப்பில் யாராவது தலையைப் பிடித்தால் உடனே வீட்டுக்குப் போன் செய்துவிடுகிறேன். ஹெச்.எம். ஒருநாள், "டீச்சர், உங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு டெஸ்ட் அன்னைக்கு மட்டும் தல வலிக்குது, கவனிச்சீங்களா?" என்றார். கவனித்தேன். இருந்தாலும் அனுப்பிவைத்தேன். பிள்ளைகள் என்னை ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஏமாந்துகொண்டுதான் இருக்கிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று மட்டும். தீபா வலிக்கிறது என்று சொன்னால், அது எந்தக் கிழமை என்று பார்க்காதே. அவள் முந்தைய வாரம் பொய் சொல்லியிருந்தாலும் பார்க்காதே. பத்துத் தடவை ஏமாந்துபோ. ஏமாந்தவன் என்று சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

உன் அப்பாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி.யை நிறுத்தினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய், மழை பெய்து ஈரமாகவே இருந்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்து, "அவன் சட்டப் பட்டன் அறுந்து என் கைல வந்துச்சி அன்னிக்கி. இன்னும் பீரோல கீது. நான் அவன்கிட்ட இன்னான்னு பேசுவேன்?" என்றார். அவர் உனக்குப் போன் செய்து எதுவும் பேசாமல் இருந்தால், வைத்துவிடாதே, கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பம்பைக்காரர் வருகிறார். தண்ணீர் எங்கே எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. தெருவில் அடிபம்பையும் எடுத்துவிட்டார்கள். "மோட்டார் போட்டுக் கூப்டா வர மாட்டாளா? கேன் தண்ணி குடிச்சி வளந்தவதான" என்று அத்தை சொல்கிறாள். படையலுக்கு ஸ்டேஷன் ரோடு தள்ளுவண்டி முட்டை நூடுல்ஸ் வைக்கலாமா என்று நான் தயங்கிக்கொண்டே கேட்டேன். "வெய்யி, வாத்தியாரம்மா. துன்றவ அவ. எனக்கின்னா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவளுக்கும் பவி மகள்தான்.

அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. நான் படித்த படிப்பு வரமாட்டாள் என்கிறது. வந்தால் யார்மேல் வருவாள், என்ன கேட்பாள் என்றும் தெரியாது. ஆனால் அவள் கேட்டால், நீ பின்னால் நகர வேண்டாம். அந்தக் கேள்வி உன் தோளைத் தாண்டி எனக்குத்தான் வரும். டாக்டருக்கு நான் சொல்லாத பதிலை, அதே சித்தப்பாக்களும் அத்தையும் அப்பாவும் நிற்கும் இடத்தில், பம்பைச் சத்தத்துக்கு மேலே சொல்கிறேன். சொல்லிவிட்டால் உன் பாரம் குறையுமா, அவள் சிரிப்பாளா, நீ மறுபடி என் வீட்டில் ஒரு வாய் சாப்பிடுவாயா, எதற்கும் நான் உறுதி சொல்ல முடியாது. என்னால் முடிவது அங்கே நிற்பதும் சொல்வதும்தான்.

நீ வந்தால் குடத்தைப் பிடித்துக்கொள். வராவிட்டால் நான் தூக்கிக்கொள்வேன். அம்மா தூக்கும் வழக்கம் இல்லை என்று அத்தை சண்டைக்கு வருவாள், நான் பார்த்துக்கொள்கிறேன். எதுவும் காரணம் எழுத வேண்டாம். காலையில் எழுந்ததும் மனது ஒப்பவில்லை என்றால், தலை வலிக்கிறது என்று ஒரு வரி அனுப்பு.

நம்புவேன்.

அம்மா